குடோனுக்குக் குடிபோனோம்

எங்கள் வீட்டுக்கு எந்தப் பொருளும் முதல் தடவையே ஒழுங்காக வந்து சேர்ந்ததில்லை. கொண்டு வருகிறவர் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்வார்.

"மேடம், மேப்ல குடோன்னு காட்டுது. வூடு எங்க கீது?"

அதுதான் வீடு என்பேன்.

"இல்ல மேடம், இது குடோன். நான் எதுர்லயேதான் நிக்கிறேன்."

பக்கத்துச் சந்தில் படி இருக்கிறது, ஏறி மேலே வாருங்கள் என்பேன். சிலர் வருவார்கள். சிலர் 'முகவரி தவறு' என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் கல்பாக்கத்தில் வேலை மேசையில் உட்கார்ந்துகொண்டு, என் வீடு வீடுதான் என்று யாரோ ஒருவரிடம் மன்றாடிக்கொண்டிருப்பேன். பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு.

செங்கல்பட்டில் ரயில் நிலையத்திலிருந்து கடைவீதிக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் தெரு. ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் அரிசி மண்டிகள். இப்போது ஒன்றுகூட இல்லை. ஒரு மண்டி செல்போன் கடையாகிவிட்டது, ஒன்று மூக்குக்கண்ணாடிக் கடை. இரண்டை இடித்து வங்கியும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையமும் கட்டியிருக்கிறார்கள். இடிபடாமல் மிச்சமிருப்பதில் பெரியது எங்கள் கட்டடம். சுண்ணாம்புச் சுவர், முழ அகலம். கீழ்த்தளத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம். மூட்டைகளை அடுக்கி வைத்த மேல் குடோனில் நாங்கள் குடியிருக்கிறோம்.

இதற்குக் காரணம் என் கணவர். அவருக்குத் திண்டுக்கல் பக்கம். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை; வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தபடியே செய்யலாம். எனக்குக் கல்பாக்கத்தில் வரைபடப் பிரிவில் வேலை என்பதால் பல வருடம் அங்கே குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி, ஒருநாள் தவறுதலாகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிவிட்டேன் என்று அவர் அடிக்கடி புலம்புவார். அப்புறம் வெளிநாட்டில் பழைய கிடங்குகளை வீடாக மாற்றுகிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். உயரமான கூரை, பூசாத செங்கல், குறுக்குச் சுவரே இல்லாத ஒரே கூடம். ஆறு மாதம் பார்த்தார். ஏழாவது மாதம் இந்த மேல் குடோன் விலைக்கு வருகிறது என்று ஒரு தரகர் சொன்னதும் எங்களைப் பிடிக்க ஆளில்லை. எங்களை என்றுதான் சொல்ல வேண்டும். நானும் தலையை ஆட்டினேன். ஸ்டாஃப் பஸ் திருக்கழுக்குன்றம் வழியாக நேராகப் போய்விடும், ரயில் பக்கம், என்று எனக்கும் ஏதேதோ கணக்கு இருந்தது.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் படாளத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர். தாத்தா ஊரார் நிலத்தில் கூலிக்கு உழுதவர். நைனா அந்த நிலத்திலிருந்து தப்பித்து மூட்டை தூக்க வந்தார். காலை ரயிலில் செங்கல்பட்டு, சாயங்கால ரயிலில் வீடு. அவர் மண்டியில் வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியும். எந்த மண்டி என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. மண்டி என்றால் மண்டி. அந்தக் கூலியில்தான் நான் பாலிடெக்னிக் படித்தேன்.

இடம் வாங்கிய சமயத்தில் நைனாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்திருந்தது. பத்திரம் முடிந்த பிறகுதான் அவரை அழைத்து வந்து காட்டினோம். சந்தில் திரும்பியதுமே நின்றுவிட்டார். கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று படியேறினார். ஒரு படி மற்றதைவிட உயரம் என்று நாங்கள் எச்சரிக்க வாயெடுப்பதற்குள் அவர் கால் அதைத் தாண்டிவிட்டது.

மேலே வந்து நடுவில் நின்று சொன்னார்: "இது பெரிய மொதலாளி மண்டியாச்சே. இருவத்தி ரெண்டு வருசம் இங்கதான் மூட்ட தூக்கிகினு இருந்தேன்."

 என் கணவர் உற்சாகமாக, "லாஃப்ட் மாதிரி மாத்தப் போறோம் மாமா" என்றார்.

நைனா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "லாஃப்ட்ல அண்டா குண்டானத்தான வெப்பாங்க மாப்ள. மனுசன வெப்பாங்களா?"

மனிதர்களை வைத்தோம். ஒரு வருடம் வேலை நடந்தது. செங்கல் தெரிய வேண்டும் என்பதற்காக இருந்த பூச்சையும் சுரண்டி எடுத்தார்கள். நைனா வந்து பார்த்துவிட்டு, "எப்ப பூசுவாங்க?" என்று கேட்டார். பூச மாட்டார்கள், இப்படித்தான் இருக்கும் என்றேன். "டப்பு பத்தலையா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

குடிபோன பிறகுதான் அந்த வீடியோக்களில் சொல்லாத சங்கதிகள் தெரிய ஆரம்பித்தன. குறுக்குச் சுவர் இல்லாத வீட்டில் ரகசியம் கிடையாது. நான் மிளகாய் தாளித்தால் அந்தச் சத்தத்துக்கு, கணினித் திரையில் நடக்கிற என் கணவரின் அலுவலகக் கூட்டத்தில் எல்லோரும் தும்முகிற மாதிரி பாவனை செய்வார்கள். மின்விசிறி கூரையிலிருந்து அவ்வளவு நீளக் கம்பியில் தொங்கி ஆடியதில் அதற்குக் கீழே உட்காரவே பயமாக இருந்தது. செங்கல் இடுக்கிலிருந்து அரிசி வண்டு வந்தது. அரிசி போய் எத்தனையோ வருடமாகிவிட்டது, வண்டுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சித்திரை மாதம் ஓடு காய்ந்து இறங்குகிற சூட்டில், மத்தியானம் கீழே ரத்தப் பரிசோதனை நிலையத்து ஏசியில் போய் உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றும். விடுமுறை நாளில் ஒருமுறை அப்படியே போய் உட்கார்ந்தேன். "சாப்டாம வந்தீங்களா மேடம்?" என்று கேட்டு ஊசியோடு வந்துவிட்டார்கள்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிட்டேன். அம்மா போன பிறகு படாளத்தில் தனியாக இருந்த நைனாவை எங்களோடு அழைத்து வந்ததும்தான் உண்மையான பேஜார் ஆரம்பித்தது.

வந்து ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, களைத்துப்போய்ப் படியேறிக் கதவைத் திறந்தால் கூடம் முழுக்க சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, என் தலைக்கு மேல் உயரத்தில், சோபாவிலிருந்து சமையல் மேடை வரைக்கும். நைனா அவற்றுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன நைனா இது?"

"பந்தல்காரன்து. நாளிக்கு ஒரு கல்யாணமாம். அவன் கடயில எடமில்ல, பாவம். நம்ம கைல எடம் சும்மாத்தான கீது?"

"சும்மா இல்ல நைனா. இது ஹால். இப்படிக் காலியா இருக்கணும்னுதான் கட்டியிருக்கோம்."

"காலியா இருக்கறதுக்கா கட்டுவாங்க?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

என் கணவர் ஒரு மூலையில் நாற்காலிக் கோபுரத்துக்குப் பின்னாலிருந்து, கூட்டம் நடக்கிறது, மெதுவாகப் பேசுங்கள் என்று கையைக் காட்டினார்.

கல்யாணம் முடிந்தும் நாற்காலிகள் நான்கு நாள் இருந்தன. அவை போனதும் பயிற்சி மையத்திலிருந்து உடைந்த பெஞ்சுகள் வந்தன. அப்புறம் மெத்தைக் கடைக்காரரின் பஞ்சு மூட்டை. அதில் என் கணவருக்கு வாரம் முழுக்க இருமல். கடைசியில் ஒரு சமையல்காரரின் அண்டாக்களும் வந்தன. தெருவில் எல்லாக் கடையும் குறுகல், சரக்கு வைக்க யாருக்கும் இடமில்லை. மேலே பெரிய இடம் இருக்கிறது, அங்கே ஒரு அண்ணாத்த இருக்கிறார், கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார் என்று செய்தி பரவிவிட்டது. யாரிடமும் நைனா காசு வாங்கியதில்லை. கொடுக்க வந்தவர்களை விரட்டினார். "வெச்சிக்கோ" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு கனம் வரும்.

கட்டடம் அரசாங்கப் பதிவில் 'கிடங்கு' என்றே இருந்தது. அதை 'குடியிருப்பு' என்று மாற்ற நான் எத்தனையோ விண்ணப்பம் எழுதி, எத்தனையோ அரைநாள் விடுப்பு எடுத்து அலைந்திருந்தேன். ஒருவழியாக ஓர் அலுவலர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். அன்று வீட்டைத் துடைத்து, நாற்காலியோ அண்டாவோ எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பாலும் பலகாரமும் வாங்கக் கடைவீதி வரைக்கும் போனேன். திரும்பி வந்தபோது அலுவலர் என் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றி முப்பது வெங்காய மூட்டை. நைனா அவருக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"காத்து நல்லா வரும் சார். வெங்காயம் அழுவாது."

அலுவலர் நல்ல மனிதர். என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். "நான் கண்ணால பாக்கறதத்தான்மா எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு, கண்ணால் பார்த்ததை எழுதிக்கொண்டு போனார்.

அன்று நான் கத்தினேன். வெங்காயத்தை அன்றே கீழே இறக்க வைத்தேன். சந்துக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கி, சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். "இனிமே ஒரு பொட்டலம் மேல வரக்கூடாது நைனா. உனக்கு யார் முக்கியம், நாங்களா தெருவா?"

நைனா தன் துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தார். வேட்டி, பைபிள், கண் சொட்டு மருந்து. படாளத்துக்குக் கிளம்புகிறார் என்று புரிந்தது. என் கணவர், "மாமா, அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று ஆரம்பித்தார். நைனா எதுவுமே சொல்லவில்லையே என்று நான் கணவர் மேலும் பாய்ந்தேன்.

பையின் ஜிப்பை மூடாமலே நைனா பேசினார்.

"இந்தக் கதவாண்ட கணக்குப்புள்ள ஒக்காந்துகினு இருப்பான். முதுவுல மூட்ட இருந்தாத்தான் உள்ள வுடுவான். எறக்கி வெச்சிட்டா ஒடனே வெளிய வந்துறணும். சோறு லாரிக்கு அடியிலதான். தண்ணி கேட்டா மேல இருந்து கைல ஊத்துவாங்க. இந்தத் தெருல ஒருத்தன் என்ன எதுவும் கேட்டதில்லமா. ஏய்ம்பாங்க, வாடாம்பாங்க. இப்ப வந்து, அண்ணாத்த, எடம் தர்றியான்னு கேக்கறாங்க. நான் இன்னான்னு இல்லன்றது?"

நான் பூட்டைக் கழற்றவில்லை. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உறுத்தும். ஆனால் பையிலிருந்த துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். அவர் தடுக்கவில்லை. இரண்டு மாதம் ஒரு பொட்டலமும் வரவில்லை. கூடம் வீடியோவில் வருகிற மாதிரியே காலியாக இருந்தது. நைனா அதில் ஓர் ஓரமாக நாற்காலி போட்டு, பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். யார் மேல் என்று தெரியாது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் விடாமல் கொட்டியதில் தெருவில் முழங்கால் தண்ணீர். எனக்கு விடுமுறை கொடுத்துவிட்டார்கள். காலை பதினொரு மணி இருக்கும், யாரோ சந்துக் கதவைப் படபடவென்று தட்டினார்கள். நான் இறங்கிப்போய்த் திறந்தேன். எதிர்ச் சாரியில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும், தடித்த உடம்பு, தலையில் பாலித்தீன் பை கட்டியிருந்தார். பெரிய முதலாளியின் மகன் அவர் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். மண்டி நொடித்து, பாகம் பிரிந்து, கடைசியில் அவருக்கு மிஞ்சியது அந்த ஒரு கடை.

"கடைக்குள்ள தண்ணி வந்துடுச்சுங்க. எல்லாம் பேப்பர். ரெண்டு நாள் மேல வெச்சிக்கட்டுமா?"

நான் தயங்கினேன். எனக்குப் பின்னால் நைனா படியில் வந்து நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அந்த மனிதர் கையைக் கூப்பினார். "பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க."

அவருக்கு நைனாவை அடையாளம் தெரியவில்லை. நைனாவுக்குத் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். பூட்டும் சாவியும் என் கையில்தான் இருந்தன. நான் நகர்ந்து வழிவிட்டேன்.

"வெச்சிக்கோ" என்றார் நைனா. "யாரு தூக்கறாங்க?"

"ஆளுங்க யாரும் வரலையே, மழையில."

"அப்ப நீயே தூக்கு."

சொல்லிவிட்டு மேலே போய், படி முடிகிற இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உதவிக்கு எழுந்த என் கணவரிடம், "ஒக்காருங்க மாப்ள" என்றார். என் கணவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்த மனிதர் தூக்கினார். தண்ணீரில் தெருவைக் கடந்து, நோட்டுக் கட்டுகளைக் கட்டிப்பிடித்தபடி, இருபத்திரண்டு படி ஏறி. முதல் நான்கைந்து கட்டு எப்படியோ வந்துவிட்டது. அப்புறம் அந்த உயரமான படியில் கால் இடித்தது. ஒவ்வொரு தடவையும் அதே படியில் இடித்தது. நைனா பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்பதாவது கட்டோடு அந்த மனிதர் பாதிப் படியில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கினார். முகம் சாம்பலாக இருந்தது.

"நைனா, போதும். அவருக்கு ஏதாவது ஆயிடப் போவுது" என்றேன்.

"ஒண்ணும் ஆவாது. எனக்கு ஆச்சா?"

எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப்போய் அந்தக் கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். இரண்டு படிதான் ஏறியிருப்பேன்.

"வையி கீழ!"

அப்படி ஒரு சத்தத்தை நைனாவிடமிருந்து நான் கேட்டதே இல்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் எழுந்து நின்றிருந்தார்.

"நீ தூக்காத. இந்தப் படில நீ தூக்கறதுக்கா நான் தூக்கினேன்? வையி!"

கீழேயிருந்த மனிதர் எழுந்து வந்து என் தோளிலிருந்து கட்டை வாங்கிக்கொண்டார். "குடுங்கம்மா" என்றார். மிச்சமிருந்ததையும் அவரேதான் தூக்கினார். நடுநடுவே உட்கார்ந்து, மெதுவாக. எல்லாம் முடிய இரண்டு மணி ஆகிவிட்டது. நைனா நாற்காலியை நிமிர்த்தி அவருக்குப் போட்டார். ஒரு துண்டைக் கொடுத்தார். என்னிடம் காப்பி போடச் சொன்னார்.

காப்பியைக் குடித்துக்கொண்டே அந்த மனிதர் கேட்டார். "பெரியவரே, நீங்க முன்னாடி இங்க...?"

"ஒங்கப்பா இருக்கச்சொல்ல. மேல் குடோன்ல."

அவர் தம்ளரைப் பார்த்தபடி இருந்தார். மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். "அப்பா காலத்துல நான் இந்தப் பக்கமே வந்ததில்ல" என்றார். பிறகு, "படி ரொம்ப மோசம்" என்றார். நைனா, "ஆமா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மழை விடுகிற வரைக்கும் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ரெண்டு நாள் என்று சொன்னவர் தை மாதம் வரைக்கும் அந்தக் கட்டுகளை எடுக்கவில்லை. கடையில் ஈரம் காயவில்லையாம். நான் போய்க் கேட்கிறேன் என்றால் நைனா விடமாட்டார். "வெச்சிகினு போவட்டும்." பொங்கலுக்கு அவற்றின் மேல் துணி போட்டு, விருந்தாளிகளை உட்கார வைத்தோம். நோட்டுகளைத் தேடி வந்த கரையானை நான் மண்ணெண்ணெயும் கையுமாக விரட்டினேன்.

கடைசியில் விட்டுக்கொடுத்தது என் கணவர். குறுக்குச் சுவரே கூடாது என்றவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக் கூடத்தை அளந்தார். கூடத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தடுத்துச் சுவர் எழுப்பினோம். படியிலிருந்தே அதற்குத் தனி ஷட்டர் வைத்தோம். சாவி நைனாவிடம். செங்கல் தெரிகிற மாதிரி விடலாம் என்றார் என் கணவர். நைனா ஆள் வைத்து அவருடைய பக்கத்தை நன்றாகப் பூசி, இளநீல வண்ணம் அடித்துவிட்டார். வாசலில் தண்ணீர்க் குடமும் தம்ளரும் வைத்திருக்கிறார். வருகிறவர்கள் தாங்களே மொண்டு குடித்துக்கொள்ளலாம்.

எனக்கு நிம்மதி கிடைத்துவிட்டதா என்றால் இல்லை. விடிந்ததும் ஷட்டர் சத்தம். படி முழுக்க வைக்கோலும் சணலும். போன ஞாயிறு நைனா சர்ச்சுக்குப் போயிருந்தார், சாவி ஆணியில் தொங்கியது. தையல் கடை வைத்திருக்கும் பெண் ஒரு மெஷினை ஆளோடு தூக்கி வந்து வாசலில் நின்றார்.

"அக்கா, அண்ணாத்த இல்லியா?"

"இல்ல. பன்னெண்டு மணிக்கு மேல வாங்க."

"தூறுதுக்கா. மோட்டார் நனைஞ்சிரும்."

இது வீடு, நான் இப்போதுதான் தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறேன், எனக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அந்த ஆள் மெஷினைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். சாவியை எடுத்துக்கொண்டு போய் ஷட்டரைத் தூக்கிவிட்டேன்.

"வெச்சிக்கோங்க" என்றேன், எரிச்சலாகத்தான்.